பெண்டு பதினாலு

தீயணைப்புச் சிலிண்டருக்கு ரீஃபில் போடுவது என் தொழில்.
சேலம் கோட்டையில் கடை. பெயர் மெஹருன்னிசா.
வருடம் ஒருமுறை ஏற்காடு ஏறி
விடுதிச் சுவர்களில் தொங்கும் சிவப்புகளைத் தட்டிப் பார்த்து
முள் பச்சையில் நின்றால் சீட்டு ஒட்டிவிட்டு இறங்குவேன்.

அந்த ஐப்பசியில், பதினாலாவது வளைவில்,
பனி என் ஸ்கூட்டரை முழுசாய் விழுங்கியிருந்தபோது
சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால்
யாரோ ஏப்பம் விட்டார்கள்.
ஏப்பத்துக்கு வெளிச்சம் இருந்தது.

டிராகன் என்றால் எனக்குத் தெரிந்தது
அடிவாரத்தில் கூறு கட்டி விற்கும் பழம்.
இது பழம் இல்லை.
அரசுப் பேருந்தின் நீளம், வால் தனி.
கை தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது:
பின்னைப் பிடுங்கி, குழாயை நீட்டி,
ஆறு கிலோ பவுடரையும் அடித்துத் தீர்த்தது.

இட்லி மாவில் விழுந்த பல்லியாய் நின்றது.
தும்மியது. பிறகு ரொம்ப மரியாதையாக,
"அம்மா, அறுநூறு வருஷமா நெஞ்செரிச்சல்.
பார்த்தவங்க எல்லாரும் ஈட்டிதான் எறிஞ்சாங்க.
மருந்து போட்டது நீங்கதான்."

பவுடர் சோடா உப்பு ரகம். நான் அதைச் சொல்லவில்லை.
"என்ன சாப்பிட்டாய்?" என்றேன்.
"மிளகு. ஒரு கொடி."
பார்த்தேன்.
"சரி, ஒரு ஏக்கர்."

பெயர் கேட்டால் பதினேழு எழுத்து, நடுவில் ஒரு இருமல்.
'பெண்டு 14' என்று போனில் பதிந்துகொண்டேன்.
அதனிடம் போன் இல்லை என்பது
கோரிமேடு வந்தபிறகுதான் உறைத்தது.

அடுத்த வாரம் வெள்ளைக்கல் சுரங்கத்து லாரிக்காரர்
செங்கோடனிடம் இரண்டு மூட்டை மேக்னசைட் கேட்டேன்.
"எதுக்கு?"
"தெரிஞ்சவருக்கு அசிடிட்டி."
"மூட்டைக் கணக்குலயா?"
அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

கல்லைத் தட்டுவடை போல நொறுக்கித் தின்றது.
அப்புறம் நிஜத் தட்டுவடை செட்டும் கேட்டது,
பீட்ரூட் நிறைய, காரச் சட்னி வேண்டாம்.
நூற்றைம்பது செட். கடைக்காரப் பெண்
வீட்டில் என்ன விசேஷம் என்றாள்.

கார்த்திகை மழையில் ஒரு விடுதியில் செயல்விளக்கம்.
அணைத்துக் காட்ட எனக்கொரு தீ வேண்டும்.
விறகு நனைந்து, தீப்பெட்டி நமுத்து,
மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.
அப்போது காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து
ஊதுபத்தி அளவுக்கு ஒரு மூச்சு.
விறகு பற்றியது.
மேனேஜரின் குடையும் பற்றியது.
இரண்டையும் அணைத்தேன்.
அன்றைக்கே பன்னிரண்டு சிலிண்டருக்கு ஆர்டர்.

இறங்கும்போது பெண்டில் நின்றேன்.
"நீங்க மாட்டினதுல எத்தனை தீயைப் பார்த்திருக்கு?"
"இருபத்திரண்டு வருஷத்தில் மூன்று."
"மத்ததெல்லாம்?"
"சும்மா தொங்கும். தேதி முடிஞ்சா கொட்டிட்டு மறுபடி நிரப்புவேன்.
அதுதான் நல்ல சேதி."
வெகுநேரம் அது பேசவில்லை.
கீழே சேலம் விளக்கு விளக்காய் முளைத்துக்கொண்டிருந்தது.
"அப்ப நானும்," என்றது, "நல்ல சேதியா?"

எனக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் வராது.
நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன்.
வெந்நீர் அண்டா மூடி போல லேசாக ஒரு ஆட்டம், அவ்வளவுதான்.
"முள் பச்சையில் இருக்கு," என்றேன்.
பையில் மிச்சமிருந்த சீட்டை எடுத்து
இடது இறக்கையின் உள்பக்கம் ஒட்டினேன்:
அடுத்த பரிசோதனை, அடுத்த ஐப்பசி.

அந்த மழைக்காலம் முழுக்க
அது இடது இறக்கையை விரிக்கவே இல்லை என்று
பிறகு தெரிந்தது.
சீட்டு நனைந்துவிடுமாம்.
ஒற்றை இறக்கையில் பறந்து
பகோடா பாயிண்டில் இரண்டு முறை மோதியிருக்கிறது.